நீலம் நின்ற இடம்

அந்த வேதியியல் துறையில் தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அட்டையில் 'பார்வைப் பதிவேடு' என்று எழுதியிருந்தது. எல்லோரும் அதைக் கண்டேன் புத்தகம் என்றுதான் சொன்னார்கள். ஆராய்ச்சி மாணவர் யாராவது புதிதாக ஒன்றைப் பிடித்துவிட்டதாகச் சொன்னால் துறைத்தலைவர் நேரில் வந்து பார்ப்பார். மனம் நிறைந்தால் நான்கு கட்டங்களை நிரப்புவார்: தேதி, பொருள், நிறம், எவ்வளவு நேரம் தெரிந்தது. கடைசியில் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். புத்தகத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தக் கையெழுத்து இல்லாமல் எவருடைய ஆராய்ச்சியும் அடுத்த வருடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

மற்றவர்களுக்கு இதில் சிரமம் இருக்கவில்லை. ஒருவர் பச்சைப் படிகம் வளர்த்தார்; அது இன்னும் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொருவர் காய்ச்சிய ஊதாக் குழம்பு மூன்று வருடமாகியும் பாத்திரத்தை விட்டுப் போகவில்லை. பூனைக்கு வாய்த்த நீலம்தான் அரை விநாடிகூட நிற்காதது.

பூனை என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. அறைக்குள் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது என்பதால் அக்கா வைத்த பெயர். அந்தப் பெயர் வீட்டோடு நின்றிருக்கும். ஒருநாள் அக்கா ஆய்வகத்துக்குத் தொலைபேசி செய்து, "பூனை இருக்காளா?" என்று கேட்டுவிட்டாள். எடுத்தது துறைத்தலைவர். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க பூனையெல்லாம் வளர்க்கிறதில்லைம்மா" என்றார். அன்று முதல் அங்கேயும் அதுவே பெயர்.

அவளுடைய ஆராய்ச்சி இரும்பைப் பற்றியது. உடம்புக்குள் இரும்பு தன்னிச்சையாகச் சுற்றித் திரிந்தால் வம்பு, தொட்டதையெல்லாம் கெடுக்கும். அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ள ஃபெரிட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பூனை எடுத்துக்கொண்டது தவளையின் ஃபெரிட்டின். இருபத்து நான்கு துண்டுகள் சேர்ந்த, நடுவே காலியான ஒரு பந்து. இரும்பு அணுக்கள் அதன் சந்துகள் வழியாக உள்ளே நுழையும். ஓரிடத்தில் இரண்டு இரண்டாக உட்காரும். ஆக்சிஜன் வந்து இரண்டுக்கும் நடுவே பாலம் போடும். பாலம் இருக்கும் வரை நீலம். பாலம் உடைந்ததும் இரும்பு துருவாக மாறிப் பந்துக்குள் போய்ச் சேரும், மஞ்சள்தான் மிஞ்சும். கலந்து நாற்பது மில்லி விநாடியில் நீலம் உச்சத்துக்கு வரும். அரை விநாடிக்குள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கலந்து, நீலம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து கொடுத்துவிடும். பூனை அந்தக் கோட்டை நூற்றுப் பதினேழு தடவை எடுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் அதே மேடு, அதே இடத்தில்.

"கோடு யார் வேணா போடலாம்மா. நீலத்தைக் காட்டு" என்றார் துறைத்தலைவர்.

காட்டினாள். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கரைசல்களையும் ஒரே சமயத்தில் பீய்ச்சினாள். அந்த நேரம் பார்த்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி பீய்ச்சினாள். இந்தத் தடவை சிமிட்டக் கூடாது என்று அவர் கண்ணை அகல விரித்துக் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவள் பீய்ச்சிய கணத்தில் சரியாகச் சிமிட்டினார். மூன்றாம் தடவை எல்லாம் கூடிவந்தது.

"பார்த்தீங்களா சார்?"

"ஏதோ நீலமா ஓடின மாதிரி இருந்துச்சு." புத்தகத்தைத் திறந்தார். பேனாவை எடுத்தார். நான்காவது கட்டத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "மாதிரின்னு எழுத இதுல கட்டம் இல்லைம்மா."

அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் இந்த ஆராய்ச்சி இத்தோடு முடிந்தது. அவள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அளக்கும் குழுவுக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னார். மூன்று வருடம் கிணறு கிணறாகப் போய் வாளியில் மொண்டு வரும் வேலை.

"சரி சார்" என்றாள் பூனை.

கேள்வி கேட்டவுடன் அவள் வாயிலிருந்து வருவது அந்த இரண்டு சொற்கள்தான். உண்மையான பதில், நறுக்கென்று, ஆதாரத்தோடு, பேருந்து நிறுத்தத்தில்தான் வரும். அன்றும் வந்தது. பக்கத்தில் நின்றவர் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துத் தள்ளி நின்றுகொண்டார்.

வீட்டில் அக்காவுக்கு அன்று விடுப்பு. அவள் மருத்துவமனையில் நர்ஸ். சாப்பாட்டு மேசையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி மூஞ்சி ஒரு முழத்துக்குத் தொங்குது? மறுபடி சிமிட்டிட்டாரா மனுஷன்?"

"இல்ல. பார்த்துட்டாரு. ஆனா பார்த்த மாதிரிதான் இருக்காம்."

"நான் வந்து அவர் இமை ரெண்டையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டிடவா? எங்க வார்டுல பெட்டி பெட்டியா இருக்கு."

"பெரியவங்களைப் பத்தி என்ன பேச்சு இது?" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்தத் தவளைங்க பாவம்தான் சும்மா விடல. எத்தனை செத்துச்சோ."

"அம்மா, ஒரு தவளையும் சாகல. பாக்டீரியாவுக்குள்ள வளர்த்து எடுக்கிறது."

"தவளைப் புரதம்னு நீதானே சொன்ன?"

"செய்முறைதான் தவளையோடது. சமைச்சது பாக்டீரியா."

"எவன் சமைச்சா என்ன" என்றாள் அம்மா. அவளுக்கு வழக்கு முடிந்துவிட்டது.

அக்காவுக்கு வழக்கு முடியவில்லை. "எங்களுக்குத் தினமும் சீட்டு வரும். ஃபெரிட்டின் எட்டு, ஃபெரிட்டின் இருபதுன்னு. எட்டுன்னா இரும்பு மாத்திரை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்குள்ள நீலம் வேற இருக்கா?"

"இருக்கு. நீலம் போறப்போ கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும்."

"புண்ணுல ஊத்தினா புசுபுசுன்னு பொங்குமே, அதுவா?"

"அதேதான்."

"அடிப்பாவி. இதை அவர்கிட்ட இப்படிப் பேசிக் காட்டியிருந்தா இந்நேரம் கையெழுத்து வாங்கியிருப்பியே. அங்க போனா மட்டும் நாக்கு எங்கடி போகுது?"

பூனையின் பதில் மறுநாள் பேருந்தில் வரும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் கண்ணெடுக்காம பாரு. பொங்கிடப்போகுது" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

பூனை கண்ணெடுக்காமல்தான் பார்த்தாள். அடுப்பை. பாத்திரத்துக்கு அடியில் வட்டமாக நீலத் தீ நின்றது. ஆடாமல் அசையாமல், நேற்றும் அங்கேயே இருந்ததுபோல் நின்றது. ஆனால் இந்தத் தீயில் இப்போது இருக்கும் வாயு ஒரு விநாடிக்கு முன்னால் குழாய்க்குள் இருந்தது. இன்னொரு விநாடியில் எரிந்து காற்றோடு போய்விடும். வருவது போய்க்கொண்டே இருக்கிறது. நீலம் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. எந்தச் சொட்டு வாயுவும் நிற்கவில்லை. நிற்பது நீலம் வருகிற இடம்.

அப்போது சுர்ரென்று ஒரு சத்தம். பால் நான்கு பக்கமும் வழிந்து, தீயைத் தின்று, அடுப்பெல்லாம் நுரை.

"பாலைப் பாருன்னா எதைடி பார்த்துட்டு நின்ன?" அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"தீயை."

"தீயில என்ன இருக்கு பார்க்க?"

"ஓடிக்கிட்டே இருந்தா நிக்கும்மா. நான் இதுவரைக்கும் கிண்ணத்துல ஊத்திட்டு இருந்தேன். குழாய்ல விடணும்."

அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா படுக்கையறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "என்னம்மா, காலங்காத்தால இவ கேட்ட உடனே பதில் சொல்றா? உடம்பு சரியில்லையா?"

திட்டம் எளிமையானது. இரண்டு சிரிஞ்ச். ஒன்றில் புரதம், அதில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கும். இன்னொன்றில் இரும்பு, அதில் ஆக்சிஜன் துளிகூட இருக்கக் கூடாது. இரண்டும் ஒரு Y வடிவக் கண்ணாடிக் கவட்டில் சந்திக்கும். அங்கிருந்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய், ஒரு மீட்டர் நீளம், வெள்ளைத் தாளின் மேல். நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், கவட்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் நீருக்கு எப்போதும் வயது நாற்பது மில்லி விநாடி. ஆகவே அங்கே எப்போதும் நீலம். ஓட்டம் நிற்கும் வரை துறைத்தலைவர் சிமிட்டலாம், மூக்குக்கண்ணாடி துடைக்கலாம், தும்மலாம்.

கண்ணாடிக்காரரிடம் போனாள். துறைக்கு வேண்டிய கண்ணாடிச் சாமான்களை ஊதித் தருபவர். தன் வேலையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ளவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மயிரிழை மாதிரி ஓட்டை கேக்கிற. சரி. எத்தனை வருஷம் உழைக்கணும் இது?"

"அரை நிமிஷம் சார்."

அவர் படத்தைக் கீழே வைத்தார். "என் கையில ஒரு சாமானுக்கு இதுவரைக்கும் யாரும் அரை நிமிஷ ஆயுசு கேட்டதில்ல." ஆனாலும் மாலைக்குள் ஊதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "முப்பது வருஷம் தாங்கும். உனக்கு வேணாம்னா எனக்கென்ன" என்றார்.

சிக்கல் இரண்டு. கருவிக்கு ஒரு துளி போதும். குழாயோ குடம் குடமாகக் குடிக்கும். சிரிஞ்சுக்குப் பத்து மில்லி. பூனை மூன்று மாதம் வளர்த்து, பிரித்து, சுத்தம் செய்து சேர்த்து வைத்திருந்த புரதம் மொத்தமே பத்து மில்லிதான். ஒரே காட்சி, இருபத்தைந்து விநாடி. இரண்டாவது சிக்கல் கை. ஆய்வகத்தில் இருந்த மோட்டார் பம்ப் சொட்டுச் சொட்டாகத் தள்ளிப் பழகியது. இந்த வேகத்துக்கு அது முனகிவிட்டு நின்றது. கையால்தான் தள்ள வேண்டும், ஒரே சீராக. பூனையின் கை தனியாக இருக்கும்போது நன்றாக இருக்கும். துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்தால் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும்.

"இருபத்தஞ்சு விநாடி ஒரே சீரா தள்ளணும், அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "நான் தினமும் அழுவுற குழந்தைக்கே ஊசி போடுறவ. அதுங்க கையை ஆட்டும், காலை ஆட்டும், என் முடியைப் பிடிச்சு இழுக்கும். உன் குழாய் சும்மாதானே கிடக்கப்போகுது?"

புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. இரண்டு சிரிஞ்சுகளையும் ஒன்றாகத் தள்ள வசதியாக ஒரு மரச்சட்டத்தில் சேர்த்துக் கட்டி, தண்ணீரை நிரப்பி, அக்கா தள்ளினாள். அம்மா சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விநாடி எண்ணினாள். முதல் தடவை முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தெட்டு. அப்புறம் ஏழு தடவை தொடர்ந்து இருபத்தைந்து.

"எட்டாவது தடவை இருபத்தஞ்சேகால்" என்றாள் அம்மா.

"உன் கடிகாரம் ஓடுற லட்சணத்துக்கு அது போதும்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு அக்கா சீருடையிலேயே ஆய்வகத்துக்கு வந்தாள். நான்கு மணிக்கு அவளுக்கு டூட்டி. துறைத்தலைவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை உடையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"என் அக்கா சார். தள்ளுறதுக்கு" என்றாள் பூனை.

"வெளியாளை வெச்சா பரிசோதனை பண்றது?"

"கை மட்டும்தான் சார் என்னோடது" என்றாள் அக்கா. "மூளை அவளோடதுதான். கொண்டுவந்திருக்கா."

அவர் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை முன்கூட்டியே துடைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். அடுத்த மேசையில் யாரோ காலையிலிருந்து எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பர்னர் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. பூனை இரும்புக் கரைசலுக்குள் நைட்ரஜனைக் குமிழ் விட்டு, காற்றுப் படாமல் சிரிஞ்சில் ஏற்றினாள். மற்றதில் மூன்று மாதத்தை ஏற்றினாள். இன்னும் சட்டத்தில் கட்டவில்லை. புரத சிரிஞ்சை அக்காவிடம் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றாள்.

அக்கா பிடித்துக்கொண்டாள். சிரிஞ்சுக்குள் ஒரு குட்டிக் காற்றுக் குமிழ் இருந்தது.

பன்னிரண்டு வருட டூட்டியில் அக்கா ஒரு குமிழைக்கூட மன்னித்ததில்லை. கை தானாக உயர்ந்தது. சிரிஞ்சை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினாள். நகத்தால் இரண்டு தட்டு. கட்டைவிரலால் ஒரு அழுத்து. மூன்று மில்லி புரதம் வெள்ளிக் கம்பிபோல் எழுந்து, வளைந்து, துறைத்தலைவரின் சட்டைப் பைக்குள் பாதியும் பைக்கு மேலே பாதியுமாக இறங்கியது.

பர்னர் மட்டும் உஸ்ஸென்றது.

"இது என்னம்மா?" என்றார் அவர்.

"புரதம் சார்" என்றாள் பூனை. "நாலு வார வேலை."

"கறை போகுமா?"

"நிறமே கிடையாது சார் அதுக்கு. இரும்பு சேர்ந்தாதான் வரும்."

"பழக்கதோஷம்டி" என்று அக்கா முணுமுணுத்தாள். "குமிழைப் பார்த்தா கை சொன்ன பேச்சு கேக்காது."

அழ நேரமில்லை. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பூனை கணக்குப் போட்டாள். மீதி ஏழு மில்லி. இரும்பையும் ஏழாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் கோணும். இருபத்தைந்து விநாடி போய்ப் பதினேழு சொச்சம். இரும்பு சிரிஞ்சிலிருந்து மூன்று மில்லியைத் தானே கவனமாகத் தொட்டியில் விட்டாள். இரண்டையும் சட்டத்தில் சேர்த்துக் கட்டிக் கவட்டில் செருகினாள்.

"சார், இங்க பாருங்க. இந்த இடத்துல." வெள்ளைத் தாளில் நான்கு சென்டிமீட்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள்.

குழாயில் நீர் ஓடியது தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. கவட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சந்தேகம்போல் ஏதோ படர்ந்தது. பென்சில் புள்ளிக்கு மேலே அது நீலமாக இருந்தது. மங்கல்தான். பலமுறை அலசிய நீலச் சட்டையின் நிறம். ஆனால் நீலம். அங்கிருந்து போகப் போக வெளுத்து, குழாயின் கடைசியில் லேசான மஞ்சளாகச் சொட்டியது.

நின்றது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று விநாடி. நீலம் அங்கேயே நின்றது.

நீலம் நிற்பதைப் பூனை கண்ணால் பார்ப்பது அதுவே முதல் முறை. நூற்றுப் பதினேழு கோட்டில் பார்த்த மேடு இப்போது ஒரு தாளின் மேல் படுத்திருந்தது.

துறைத்தலைவர் குனிந்தார். மூக்கு குழாயில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். நான்கு, ஐந்து.

"ஏம்மா" என்றார் நிதானமாக. "குழாய்ல ஏதாவது சாயம் ஒட்டியிருக்கா? கழுவினியா?"

பூனைக்கு இதற்குப் பதில் உண்டு. நல்ல பதில். பேருந்து நிறுத்தத்தில் வரும்.

"சாயமா?" என்றாள் அக்கா. கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். "என் தங்கச்சி மூணு மாசமா ராப்பகல் பார்க்காம செஞ்சிருக்கா, சாயம்ங்கிறீங்க. இப்பப் பாருங்க சார்."

கையைத் தளர்த்தினாள். நீலம் புள்ளியை விட்டு நழுவி, சுருங்கி, கவட்டின் வாயருகே போய் ஒட்டிக்கொண்டது. கையை இறுக்கினாள். நீலம் சோம்பல் முறிப்பதுபோல் நீண்டு, புள்ளியைத் தாண்டி இரண்டு விரல் தூரம் போனது. மறுபடி தளர்த்தினாள். மறுபடி வந்தது.

"எந்தச் சாயம் சார் இப்படிக் கூப்பிட்டா வரும், போன்னா போகும்?"

கோபத்தில் அவள் செய்தது எந்த ஒத்திகையிலும் இல்லாதது. பூனை எழுதி வைத்திருந்த திட்டத்திலும் இல்லை. துறைத்தலைவரின் வாய் திறந்திருந்தது. "இன்னொரு தடவை" என்றார். "கொஞ்சம் மெதுவா… ஆங்… இப்ப வேகமா…" சின்னப் பிள்ளை ஊஞ்சலைப் பார்ப்பதுபோல் அவர் தலை இடமும் வலமும் போய்வந்தது.

சிரிஞ்ச் காலியானது. ஓட்டம் நின்றது. குழாயில் இருந்த நீலம், அணைத்த விளக்குபோல், ஒரே நொடியில் போய்விட்டது. மஞ்சள் மட்டும் மிஞ்சியது.

துறைத்தலைவர் நிமிர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்தார். தேதி எழுதினார். பொருள்: தவளை ஃபெரிட்டின், இரும்பு, ஆக்சிஜன். நிறம்: நீலம். 'ஐயமில்லை' என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா பூனையை முழங்கையால் இடித்தாள். நான்காவது கட்டத்தில் அவர் 'பதினாறு விநாடி' என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவைக் கீழே கொண்டுபோனார்.

"தப்பு சார்" என்றாள் பூனை.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குத் தெரிந்தது. அக்கா அவள் காலை மிதித்தாள். நர்ஸ்கள் போடும் கனமான செருப்பு.

"என் கடிகாரம் தப்பா?"

"கடிகாரம் சரிதான் சார். ஆனா நீங்க பார்த்தது ஒரே நீலம் இல்ல. ஒவ்வொன்னும் வந்து அரை விநாடிக்குள்ள போயிடுச்சு. பின்னாடியே அடுத்தது வந்துச்சு. பதினாறு விநாடின்னு எழுதினா, நாளைக்கு யாராவது அதை நம்பிக் கிண்ணத்துல கலந்து வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

"வாயை மூடுடி" என்றாள் அக்கா பல்லுக்குள்.

துறைத்தலைவர் பேனாவை மூடினார். "அப்படின்னா இந்தக் கட்டத்துல என்ன எழுதறது?"

"அரை விநாடிக்கும் குறைவு."

"அரை விநாடிக்கும் குறைவா இருக்கிறதைக் கண்டேன்னு எழுத முடியாதுன்னுதானே திங்கட்கிழமை நான் சொன்னேன்?"

அதுதான். தானே தோண்டிய பள்ளம். பதினாறு விநாடி என்றால் பொய், ஆனால் கையெழுத்து உண்டு. அரை விநாடி என்றால் உண்மை, அப்புறம் வாளியும் கிணறும். பூனை நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அது இன்று எந்தப் பேருந்துக்கும் காத்திருக்கவில்லை.

"சார், அந்த பர்னர்ல தீ எவ்வளவு நேரமா எரியுது?"

அவர் திரும்பிப் பார்த்தார். "காலையிலேருந்து."

"காலையில வந்த கேஸ் இப்ப அதுல இருக்கா சார்?"

அவர் எழுந்து பர்னருக்குப் பக்கத்தில் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த நீலத் தீயைப் பார்த்தார். முப்பது வருடமாகத் தினமும் பார்த்த தீ. வாயுவைக் கொஞ்சம் குறைத்தார், தீ சுருங்கியது. கூட்டினார், நீண்டது. காய்ச்சிக்கொண்டிருந்த யாரோ, "சார், என் பாத்திரம்!" என்று கத்தினார். அவர் காதில் விழவில்லை.

"சார், எனக்கு நாலு மணிக்கு டூட்டி" என்றாள் அக்கா.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தது. 'பதினாறு விநாடி'யின் மேல், நேராக. அதற்கு மேலே பொடி எழுத்தில், 'ஒவ்வொன்றும் அரை விநாடிக்கும் குறைவு. வந்துகொண்டே இருந்தபடியால் பதினாறு விநாடி பார்க்க முடிந்தது' என்று எழுதினார். கட்டம் போதவில்லை. ஓரத்தில் ஏறி, மடிந்து, அடுத்தவர் கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் போனது. கீழே 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று ஆறு. அதை அவரும் பார்த்தார், பூனையும் பார்த்தாள். அவர் புத்தகத்தை மூடினார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். துறைத்தலைவர் எழுந்திருக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்றார் கொஞ்சம் தயங்கி. "நடுவுல ஒரு தடவை சிமிட்டிட்டேன். அந்த வேகமா தள்ளினப்போ. இன்னும் ஒரே ஒரு தடவை காட்ட முடியுமா?"

"புரதம் தீர்ந்துடுச்சு சார்."

"கொஞ்சம்கூட மிச்சம் இல்லையா?"

பூனையின் பார்வை மெல்ல இறங்கி, அவர் சட்டைப் பையில் போய் நின்றது.

அவரும் குனிந்து பார்த்தார். பை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"துவைக்காமக் குடுத்தீங்கன்னா, சுத்தம் பண்ணி எடுத்துடலாம் சார்" என்றாள் பூனை. "பாதியாவது தேறும்."

துறைத்தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவர் மேல்பொத்தானில் கை வைத்து, "மாத்துச் சட்டை இல்லையேம்மா" என்றார்.

பூனை ஏற்கெனவே ஆணியிலிருந்து ஆய்வகக் கோட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.